எந்த ஆலா?

செம்பூர்,
7 மே 2023

ஆஸியா,

என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். மெயிலுக்கும் பதில் இல்லை. உன் ஆபீஸுக்குப் போன் செய்தால் "மேடம் இப்போது இங்கே இல்லை" என்று ஹிந்தியில் சொல்லி வைத்துவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் தாளை எடுத்தேன். காலேஜில் பக்கத்துப் பெஞ்சுக்காரிகளுக்குப் புரியக் கூடாது என்று நாம் தமிழில் சீட்டு எழுதிக்கொள்வோமே, அதற்குப் பிறகு உனக்கு நான் கையால் எழுதுவது இப்போதுதான். தாராவியில் உன் வாப்பாவின் தோல் பட்டறை விலாசம் மட்டும் எனக்கு மனப்பாடம். அதற்கே அனுப்புகிறேன்.

சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

உப்பளத்துக்குப் பின்னால் லாரி நிறுத்துமிடம் கட்ட மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்களே, அந்தத் திடலைப் பற்றிக் கலெக்டர் ஆபீஸில் நான் கொடுத்த மனு இருபத்தைந்தாம் தேதி விசாரணைக்கு வருகிறது. மனுவில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்த ஆலாப் பறவைகள் உடலளவில் மைனாவை விடப் பெரியவை அல்ல. ஆண்டின் பெரும்பகுதியைக் கடல்மேல் கழித்துவிட்டு முட்டையிட மட்டும் மணலுக்கு வருபவை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று சிறிய ஆலா. ஆற்று மணலிலும் ஏரிக்கரையிலும் பரவலாக இருப்பது. மற்றது சாண்டர்ஸ் ஆலா. கடலோரத்தை விட்டு உள்ளே வராதது, காண அரிது. திடலில் முட்டையிட்டிருப்பவை சாண்டர்ஸ் ஆலாக்கள்."

உனக்கு இதில் வேறு கருத்து. அந்தக் கருத்தைத்தான் லாரிக் கம்பெனிக்காக உன் ஆபீஸ் தயாரித்த அறிக்கையில் நீ எழுதினாய். செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே சாயா குடித்துக்கொண்டிருந்தபோது உன் போனில் அந்தப் பக்கத்தை நீயே எனக்குக் காட்டினாய். "சிறிய ஆலா, பரவலாகக் காணப்படுவது." அந்த ஒரு வரி போதாதா அவர்களுக்கு, ரோலரை இறக்க?

இணையத்தில் நம் பறவைக் குழுவில் நான் எழுதியது கடுமைதான். "விலைக்குப் போன கண்கள்" என்று தலைப்பு வைத்தேன். நீ ஏதாவது வாங்கினாயா இல்லையா என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சம்பளம் கொடுக்கிறவனுக்குச் சாதகமாகக் கண் பார்க்கும் என்றுதான் எழுதினேன். அது யாருக்கும் நடப்பதுதானே.

உன்னிடம் பெரிய லென்ஸில் எடுத்த படங்கள் இருக்கின்றன. வெட்டாத, திருத்தாத படங்களை எனக்கு அனுப்பு. உன் கண்ணுக்குத் தெரியாதது அதில் இருக்கும்.

அந்தத் திடலுக்கு என்னை முதலில் அழைத்துப் போனதே நீதான். அதையாவது நினைத்துப் பார்.

கோகிலா

*

தாராவி,
13 மே 2023

கோகிலவாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

படங்கள் என்னிடம் இல்லை. கேமரா, கார்டு, லேப்டாப் எல்லாம் ஆபீஸுக்குச் சொந்தம். ஏப்ரல் கடைசியில் என்னை வேலையிலிருந்து நிறுத்தியபோது வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியாளை சைட்டுக்குள் அழைத்துப் போனது, முடியாத அறிக்கையை வெளியாளுக்குக் காட்டியது என்று இரண்டு காரணம். இரண்டும் உண்மை. அந்த வெளியாள் நீங்கள்.

இனம் பற்றி. நான் பார்த்ததை எழுதினேன். குட்டையோரம் நின்ற பறவையின் நெற்றி வெள்ளை, கண்ணுக்கு மேலே கூராக நீண்டு பின்னால் போனது. கால் நல்ல மஞ்சள். இரண்டும் சிறிய ஆலாவுக்கு உரியவை. சாண்டர்ஸ் என்பதற்கு நீங்கள் பிடித்துக்கொண்டு தொங்கும் சிறகு நுனிக் கறுப்பு நம்பத்தக்கதல்ல. இறகு பழசானால் இரண்டு இனத்திலும் கறுத்துத் தெரியும். இதைக் காலேஜில் சேர்ந்துதான் படித்தோம்.

இனி உங்கள் பதிவைப் பற்றி. அன்று சாயங்காலம் அதன் கீழே நாற்பது ஐம்பது பேர் எழுதினார்கள். "தாராவியில் கிடைப்பதெல்லாம் மலிவுதான்" என்று ஒருத்தர். "அவங்க ஆளுங்களுக்குப் பறவைன்னா தட்டுல இருக்கிறதுதான்" என்று இன்னொருத்தர். அதற்கு முப்பது பேர் சிரித்திருந்தார்கள். பெருநாள் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பெருநாளன்று நீங்கள் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உம்மாவிடம் இன்னொரு டப்பா கட்டி வாங்கிக்கொண்டு போனீர்கள்.

என் தம்பி அர்பாஸ் போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்துவிட்டான். வாப்பா காதில் அது விழுந்தது. மறுநாள் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "ஏம்மா, நெசமாவே எதும் வாங்கிட்டியா?"

முப்பத்தெட்டு வயதில் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் அறிக்கையில் ஒரு பக்கம்தான் படித்தீர்கள். அதற்குள் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனீர்கள்.

க. ஆஸியா

*

செம்பூர்,
17 மே 2023

ஆஸியா,

"கோகிலவாணி அவர்களுக்கு", "நீங்கள்", "உங்கள்". நன்றாகக் குத்துகிறாய். உன் முதல் ஆர்.டி. சேமிப்பு ஃபார்மிலிருந்து உன் உம்மாவின் ஆபரேஷன் வரைக்கும் கூட நின்றவளுக்கு இது வேண்டியதுதான்.

அந்தக் கமெண்ட்டுகளை நான் எழுதவில்லை. குழுவின் அட்மின் மாதவ். அவர்தான் அழித்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஆபீஸில் கணக்கு க்ளோசிங்; நான் போனையே பார்க்கவில்லை. பார்த்தபோது நிறைய வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பறவையை விட்டுவிட்டு வேறு சண்டையாகப் போய்விடும் என்று விட்டேன். திடல்தான் முக்கியம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். உன் வேலை போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதே.

உன் வாப்பா அப்படிக் கேட்டார் என்று படித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். அவர் அப்படிக் கேட்கிறவர் இல்லையே.

ஆனால் பறவை விஷயத்தில் உன்னை விடமாட்டேன். நீ உச்சி வெயிலில் பார்த்தாய். மணலிலிருந்து கானல் எழுந்து எல்லாம் நெளிந்துகொண்டிருந்தது. நான் காலையில் போய், பறவை திரும்பும்போது முதுகுக்கும் வாலுக்கும் நடுவில் பார்த்தேன். சாம்பல் நிறம். முதுகும் அந்த இடமும் ஒரே சாம்பல். சிறிய ஆலாவுக்கு அங்கே வெள்ளை இருக்க வேண்டும். இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? இறகு பழசானால் வெள்ளை சாம்பலாகிவிடுமா?

அப்புறம், ஒரு பக்கம்தான் படித்தேன் என்கிறாய். மற்ற பக்கங்களில் அப்படி என்ன எழுதியிருந்தாய்? சொல்லு. விசாரணைக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.

கோகிலா

*

தாராவி,
21 மே 2023

கோகிலா,

கேட்டாய், சொல்கிறேன்.

அறிக்கையின் கடைசிப் பகுதியில் நான் எழுதியது இதுதான்: இந்தப் பறவைகள் கூடு கட்டுவதில்லை. நெஞ்சால் மணலை அழுத்திக் கையகலக் குழி செய்து அதில் முட்டையிடும். முட்டை மணல் நிறம், புள்ளி போட்டது. குனிந்து பார்த்தாலும் காலடியில் தெரியாது. குஞ்சும் அப்படியே. ஆபத்து என்றால் ஓடாது, அசையாமல் படுத்துவிடும். எனவே வண்டி ஓட்டுகிறவன் நல்லவனாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. குஞ்சுகள் பறக்கிற வரை, அதாவது ஜூன் கடைசி வரை, திடலின் கடலோரப் பாதியில் எந்த வண்டியும் இறங்கக் கூடாது. கயிறு கட்டித் தடுக்க வேண்டும். "இந்தப் பரிந்துரை இனத்தின் பெயரைப் பொறுத்ததல்ல" என்று தனி வரியாகவே எழுதினேன். சிறிய ஆலாவுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். பரவலாக இருப்பது என்றால் நசுக்கலாம் என்று அர்த்தமா?

லாரிக் கம்பெனி மேனேஜர் முதலில் முறைத்தார். நான் அவரைத் திடலுக்கே கூட்டிப்போனேன். மத்தியான வெயிலில் தாய்ப்பறவை பறந்துபோய்க் குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. ஈரத்தால் முட்டையைக் குளிர வைக்கிறது என்று சொன்னேன். அந்த மனிதர் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீக் ஹை மேடம், ஜூன் வரைக்கும் நிறுத்திவைக்கிறோம், மழையில எப்படியும் வேலை ஓடாது" என்றார். வாயால்தான் சொன்னார். கையெழுத்து வரவேண்டியிருந்தது.

அந்த வாரம்தான் நீ பதிவு போட்டாய். திடல் இருக்கும் இடத்தையும் போட்டாய். கம்பெனி வக்கீலைப் பிடித்தது. வக்கீல் என் அறிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னார், சர்ச்சைக்குரியவள் எழுதியது என்று. வேறு ஒரு ஆபீஸை வைத்தார்கள். அவர்கள் ஒரு காலை மட்டும் வந்து, சுவரோரம் நின்று பார்த்துவிட்டு, "கூடுகள் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். விசாரணையில் வைக்கப்போவது அந்தத் தாளைத்தான்.

முதுகின் சாம்பலைக் கேட்டாய். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பெயரை நிரூபிக்கப் போகாதே. போவதானால் முட்டைகளின் படத்தோடு போ. இல்லாவிட்டால் திடலுக்குப் போய் நில். என்னால் போக முடியாது. கேட்டில் என் படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

ஆஸியா

*

செம்பூர்,
28 மே 2023

ஆஸியா,

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள் வந்தது. படித்துவிட்டு என் படங்கள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். இருநூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் சிறகு. விரித்த சிறகு, திரும்பும் சிறகு, சிறகு நுனி. கறுப்பு இறகுகளை எண்ணுவதற்காகவே எடுத்தவை. ஒன்றில்கூட முட்டை இல்லை. நான் ஒருதடவையும் கீழே பார்க்கவில்லை.

கலெக்டர் ஆபீஸில் நான் தயாரித்துப் போன எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றி, சிறகு, சாம்பல் முதுகு. அதிகாரி வயசானவர், பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து மராத்தியில் சொன்னார்: "பேரு என்னவா வேணா இருக்கட்டும் மேடம். அங்க கூடு இருக்கா, இல்லையா?" இருக்கிறது என்றேன். படம் காட்டச் சொன்னார். அவர்கள் பக்கத்து வக்கீல் எழுந்து புது அறிக்கையை நீட்டினார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார், "இவர்களுக்குள்ளேயே எந்தப் பறவை என்று ஒத்துவரவில்லை சார். முந்தின ஆய்வாளரை ஊழல்காரி என்று பொதுவில் எழுதியதே இந்த அம்மாதான்." என் பதிவின் பிரிண்ட் அவர் கையில் இருந்தது.

இடைக்காலத் தடை கிடையாது. அடுத்த தேதி ஜூன் இருபது.

நேராகத் திடலுக்குப் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. சுவரைச் சுற்றிப் போய் ஒரு கல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். பறவைகள் இருந்தன, ஆஸியா. கத்திக்கொண்டு மேலே வட்டமடித்தன. முட்டை தெரியவில்லை. நீ சொன்னது போலத்தான், தெரியாது.

நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழிகளை உன் கண்ணால் பார்த்தாய் என்று. அறிக்கை போனால் போகட்டும், உன் வாய் இருக்கிறதே. இருபதாம் தேதிக்கு முன்னால் அவசர மனு போடலாம் என்று ஒரு வக்கீல் சொல்கிறார். உன் பெயர் வேண்டும். நான் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்கிறேன்.

கோகிலா

*

தாராவி,
6 ஜூன் 2023

கோகிலா,

அவசர மனு வேண்டியதில்லை.

உன் கடிதம் கிடைத்ததும் வருவது என்று முடிவு செய்தேன். உனக்காக என்று எண்ணிக்கொள்ளாதே. வாக்குமூலம் சொல்வதற்கு முன்னால் ஒருதடவை குழிகளைப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை போனேன். கேட்டில் வாட்ச்மேன் வெயிலுமுத்து அண்ணன் நின்றார். சங்கரன்கோயில் பக்கத்து ஆள். என் படம் அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டைத் திறந்துவிட்டார்.

"இனும என்னத்தப் பாக்கப் போறிய? போய்ப் பாருங்க" என்றார்.

முழுத் திடலும் கேரம் போர்டு மாதிரி இருந்தது. ஒரு மேடு பள்ளம் இல்லை. ரோலர் ஓரமாக நின்றது. அதன் சக்கரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. முட்டை அவ்வளவு சிறிசு.

வெயிலுமுத்து அண்ணன் பின்னாலேயே வந்தார். "வெள்ளிக்கெழம காலையிலேயே வண்டிய எறக்கிட்டானுவ. நான் சொன்னேம்மா, சாப், முட்ட கெடக்குன்னு. 'முட்டன்னா ஆம்லெட் போடு'ன்னு சிரிக்கான் அந்த சூப்பர்வைசரு. நான் ஒத்த ஆளு, என்ன செய்ய முடியும்? தாய்ப்பறவ எல்லாம் தலைக்கு மேல ஒரே கூப்பாடு. டிரைவரு தலையில கூட வந்து கொத்துச்சு. அவன் கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டுதான். சாயங்காலம் வரைக்கும் அது போகல. ஒண்ணு லாரி கண்ணாடியில மோதி விழுந்துட்டு. தூக்கிப் போட மனசு வரல, அந்தா சாக்குக்குக் கீழ வச்சிருக்கேன்."

சாக்கைத் தூக்கி அதைக் கையில் எடுத்தேன். எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறோம், கையில் எடுத்ததில்லை. கனமே இல்லை.

நீ சொன்னதுதான் சரி, கோகிலா. சாண்டர்ஸ் ஆலா. நெற்றி வெள்ளை சதுரமாகக் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. சிறகு நுனியில் மூன்று இறகு கரிக்கறுப்பு, பழசானது அல்ல, புதுசு. முதுகும் வாலடியும் ஒரே சாம்பல். கால் மஞ்சளே இல்லை, அழுக்குப் பழுப்பு.

எங்கே தவறினேன் என்று அங்கேயே நின்று யோசித்தேன். முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பறவையின் கால் நமக்குத் தெரியாது. குட்டையோரம் மீனுக்கு வந்து நின்ற பறவையின் காலைப் பார்த்து, இதன் காலும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். குட்டையில் நின்றது சிறிய ஆலா. முட்டைமேல் இருந்தது வேறு. இரண்டு இனமும் ஒரே இடத்தில் இருந்தன. நீ ஒன்றைப் பார்த்தாய், நான் ஒன்றைப் பார்த்தேன். ஆனால் முட்டை யாருடையது என்பதுதான் கேள்வி. அதில் நான் பிழை.

பிழை. பொய் அல்ல. இந்த வித்தியாசத்தை இனிமேல் யாரிடம் போய்ச் சொல்ல?

வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து, உடலை அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டேன். கண்டெடுத்த இடம், தேதி எல்லாம் சீட்டில் இருக்கிறது. நீ போய்ப் பார்க்கலாம். இந்தக் கரையில் அது முட்டையிட்டதை முதலில் சரியாகச் சொன்னது நீ. உன் பெயரில் எழுதிக்கொள்.

இதை உனக்குச் சொல்லும்படி என்னிடம் யாரும் கேட்கவில்லை. சாக்கை மூடிவிட்டு வந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது.

ஆஸியா

*

செம்பூர்,
9 ஜூலை 2023

ஆஸியா,

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நேரில் பேசிவிடலாம் என்று போன ஞாயிறு தாராவிக்கு வந்தேன். நீ கல்யாண் ஊருக்கே போய்விட்டாய் என்று பட்டறையில்தான் தெரிந்தது.

உன் வாப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க கோகிலாம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாயா சொன்னார். எப்போதும் போலத்தான் இருந்தது, அதனால்தான் என்னால் உட்காரவே முடியவில்லை. உன்னைக் கேட்டேன். "அங்க ஒரு ட்யூஷன் சென்டர்ல சயின்ஸ் எடுக்கா. ஹாஸ்டல்ல தங்கியிருக்கா" என்றார். பம்பாயில் உன் துறையில் யாரும் கூப்பிடவில்லையா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். தோலை வெட்டிக்கொண்டே சொன்னார்:

"இன்டர்வியூக்குப் போனா போன்ல பேரத் தட்டிப் பாக்காங்க. ஒங்க எழுத்துதான் மொதல்ல வருதாம். அர்பாஸ் சொன்னான்."

நான் மன்னிப்புக் கேட்டேன், ஆஸியா. அவரிடம் கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட எதுக்கும்மா கேக்கிய? நான் எம் புள்ளகிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டேன். வாங்கிட்டியான்னு கேட்டேன். அவ இல்ல வாப்பான்னா. அதோட எங்கிட்டப் பேச்சக் கொறச்சுட்டா. ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு, தட்ட வைப்பா, போயிருவா. அந்தக் கேள்விய நீங்க கேக்க வச்சிய. ஆனா கேட்ட வாயி என்னுதுல்லா."

சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். குடிக்காமல் எழ அவர் விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்கிறேன். உன் ஜூன் கடிதம் வந்த மறுவாரம் குழுவில் புதிதாக ஒரு பதிவு போட்டேன். இறந்த பறவையைக் கண்டெடுத்து, சாண்டர்ஸ் ஆலாதான் என்று உறுதி செய்ததே ஆஸியாதான், முன்பு நான் எழுதியது தவறு, அவள் நேர்மையானவள் என்று எழுதினேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினேன். முதலில் வந்த பதில், "கடைசியில் ஒப்புக்கொண்டாளா?" இரண்டாவது, "எல்லாம் முடிந்த பிறகு மனசாட்சி." அதற்கு மேல் அப்படியே ஓடியது. இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல அதிகமானது. மாதவ் போன் செய்து, "விடுங்க மேடம், எந்தப் பறவைங்கிறதுல நீங்க ஜெயிச்சாச்சே" என்றார். பதிவை எடுத்துவிட்டேன். பழையதையும் எடுத்துவிட்டேன். எடுத்தாலும் தேடினால் வருகிறது.

பறவைப் பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். நம் இருவர் பெயரும் சேர்த்து. உன் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். முட்டைக் குழிகளைப் பார்த்தது நீ, உடலைப் பார்த்தது நீ. நான் சிறகைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. சம்மதம் என்று ஒரு வரி எழுது.

ஜூன் இருபது விசாரணைக்குப் போனேன். சர்வேயர் எடுத்த படத்தைக் காட்டினார்கள். திடலில் எதுவும் இல்லை என்பது அதற்குள் உண்மையாகிவிட்டிருந்தது. மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

நீ இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போவதில்லை. அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

கோகிலா

*

கல்யாண்,
20 ஆகஸ்ட் 2023

கோகிலா,

சம்மதம் இல்லை. என் பெயரை எடுத்துவிடு.

குறிப்புக்கு வேண்டியதைக் கேட்டால் தருகிறேன். குழிகள் ஒன்பது பார்த்தேன். பெரும்பாலும் இரண்டு முட்டை. சிப்பித் தூள் நிறைந்த இடமாகப் பார்த்து இட்டிருந்தன. வெறும் மண்ணில் இடவில்லை. மீன் கொண்டுவந்து கொடுத்தது ஆண்தான், பார்த்தவரைக்கும். காக்கை வந்தால் எல்லாம் சேர்ந்து விரட்டின. மனிதன் வந்தால் மேலே ஏறிக் கத்தின, ஆனால் தூரமாகப் போகவில்லை. குட்டையில் மீன் பிடித்த சிறிய ஆலாக்களை இவை விரட்டவில்லை. அதையும் எழுது, முக்கியம். நான் குழம்பியதற்குக் காரணம் அதுதான் என்று எழுத வேண்டாம்.

என் பெயர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்தக் குறிப்பில் முட்டைகளுக்கு என்ன ஆனது என்று நீ ஒரு வரி எழுதியாக வேண்டும். "கட்டுமானப் பணியில் அழிந்தன" என்று எழுதுவாய். சரிதான். அது எப்படி நடந்தது என்று எனக்கும் உனக்கும் தெரியும். அந்த வரிக்குக் கீழே உன் பெயரோடு சேர்ந்து நிற்க எனக்கு மனசில்லை.

வாப்பாவிடம் நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. அவரே போன் செய்து சொன்னார். "அந்தப் புள்ள அழுதுட்டுப் போச்சு, நீ ஒரு வார்த்த பேசு" என்றார். அவர் உனக்காக என்னிடம் பேசினார், கோகிலா. என்னிடம் தனக்காக அவர் இன்னும் பேசவில்லை. பக்ரீதுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். கறி அள்ளி என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். ரெண்டு பேருக்கும் அதற்கு மேல் போகத் தெரியவில்லை.

நீ நல்லவள்தான். எனக்கு அதில் சந்தேகம் வந்ததே இல்லை. அதனால்தான் உன்னோடு முடியவில்லை. கெட்டவள் ஒருத்தி எழுதியிருந்தால் வாப்பா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். "கோகிலாம்மா சும்மா எழுதுமா" என்று நினைத்துத்தான் கேட்டார்.

இங்கே பிள்ளைகளுக்கு உணவுச் சங்கிலி, ஒளிச்சேர்க்கை என்று போகிறது. வேலை பரவாயில்லை. பைனாகுலரை விற்கவில்லை.

அந்த ஆலாக்கள் இடம் இழந்தால் ஊரை விட்டே போய்விடுவதில்லை. வேறு மணல், வேறு மேடு தேடும். அடுத்த ஏப்ரலில் செம்பூர், மாகுல், வடாலா பக்கம் எங்கேயாவது உன் கண்ணில் பட்டால், யாரிடமும் சொல்வதற்கு முன்னால் எனக்கு எழுது. எந்த ஆலா என்று எழுத வேண்டாம். இடத்தை மட்டும் எழுது.

நான் வருவேன். அன்றைக்கு நீ அங்கே இருக்காதே.

ஆஸியா